எங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பியபோது...

"இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவார்கள்?" என்று சில சகோதரிகள் மூக்கைச் சுளிக்கலாம். சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன கஷாயம் என்று வாய் ஓயாமல் பேசுகிறோம். வீட்டின் பின்புறம் பூமிக்கடியில் கிடக்கும் அந்தத் தொட்டியைப் பற்றி என்றாவது பேசியிருக்கிறோமா? போன தண்ணீர் போன வழியே வீட்டுக்குள் திரும்பி வரும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது. அப்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, துடைப்பத்தோடு நிற்பது யார்? நாம்தானே! அதனால்தான் கூச்சத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில். இவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. எங்கள் நகர் ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. தெற்கே ஆரணியாறு, கிழக்கே பழவேற்காடு ஏரி. வெயில் காலத்தில் கட்டாந்தரையாகக் காயும் மண், கார்த்திகை அடைமழையில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் காட்டும். பாதாளச் சாக்கடை இங்கே கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை ஒட்டி ஓர் உறைக் கிணறு. எங்கள் வீடு நாங்கள் கட்டியதல்ல. வேறொருவர் கட்டி, சில வருஷங்கள் இருந்துவிட்டு எங்களுக்கு விற்றது. கீழே மாமியார், நாங்கள் இருவர், இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு அப்போது நான்கு வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். 4-ஆம் தேதி இரவு கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து 'குளுக்... குளுக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், தண்ணீர் போகும் ஜல்லடை வழியாகக் கறுப்பாக ஊறி வருகிறது! நாற்றம் குடலைப் பிடுங்கியது. மாடியில் யாராவது ஒரு பக்கெட் தண்ணீர் கொட்டினால் அடுத்த நிமிஷம் அது எங்கள் பாத்ரூமில் வந்து எட்டிப் பார்த்தது.

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "இது என்னடி பொண்ணே, கங்கையா பொங்குது?" என்றார்கள். சிரிக்கிற நேரமா அது? ஆனாலும் சிரித்துவிட்டோம்.

முதலில் செய்ய வேண்டியது

அந்த நேரத்தில் வீட்டுப் பெண் செய்ய வேண்டிய முதல் காரியம் குத்துவதோ ஆசிட் ஊற்றுவதோ அல்ல. தண்ணீர் விடுவதை நிறுத்துவதுதான். குழாய், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் ஓய வேண்டும். மாடி வீட்டுக்காரர்களுக்கும் உடனே சொல்லி அனுப்ப வேண்டும். மாடிக்கும் கீழுக்கும் தொட்டி ஒன்றுதான். அவர்கள் விடுகிற தண்ணீர் தாழ்வான இடத்தில், அதாவது நம் வீட்டில்தான் வெளிவரும். மாடி அக்காவிடம் சொன்னதும் பாவம், பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட பக்கெட்டில் பிடித்து வெளியே கொண்டுபோய் ஊற்றினார்கள்.

பாலித்தீன் பைகளில் மணல் நிரப்பி இறுக்கிக் கட்டி, ஒன்றை ஜல்லடை மேலும் ஒன்றைக் கழிப்பறைக் கிண்ணத்திலும் வைத்தோம். வருவது முழுக்க நிற்காவிட்டாலும் ஹாலுக்கு வராமல் தடுத்தது. பாத்ரூம் கதவை வெளியே தாழிட்டுவிட்டு, குழந்தைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

கோளாறு எங்கே என்று ஓரளவு நாமே ஊகிக்கலாம். ஒரே ஒரு தொட்டியோ கழிப்பறையோ மட்டும் மெதுவாக வடிந்தால், அடைப்பு அந்தக் குழாயில். இரண்டு மூன்று இடங்கள் ஒன்றாகத் தேங்கினால் பொதுக் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ கோளாறு. வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள சேம்பர் மூடியை வெளிச்சத்தில் திறந்து, எட்ட நின்று பாருங்கள். சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பி நின்றால் கோளாறு அதைத் தாண்டித் தொட்டிப் பக்கம். எங்கள் சேம்பர் விளிம்புவரை நின்றது.

தொட்டி என்ன செய்கிறது?

அரிசி களைந்த தண்ணீரை ஆடாமல் வைத்தால் என்ன ஆகிறது? மாவு அடியில் படிகிறது, உமியும் தூசும் மேலே மிதக்கிறது, நடுவில் தெளிந்த நீர் நிற்கிறது. செப்டிக் டேங்கிலும் அதேதான். கழிவு ஒருநாள், இரண்டுநாள் அசையாமல் நின்றால் கனமானது வண்டலாக அடியில் தங்கும். எண்ணெயும் பிசுக்கும் ஆடையாக மேலே கட்டும். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று குறைக்கும். நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறி, உறைக் கிணறு வழியாக மண்ணில் சுவறும். பிரான்சில் மூரா என்பவர் 1881-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

வண்டலும் ஆடையும் பெருகப் பெருக நடுவில் இடம் குறையும். அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்காவிட்டால் வண்டலே உறைக் கிணற்றுக்குள் போய் மண்ணின் கண்களை அடைத்துவிடும். இன்னொன்று, சுற்றியுள்ள மண்ணே தண்ணீரில் ஊறிக் கிடந்தால் உறைக் கிணறு எதை உறிஞ்சும்? எங்கள் ஊர்ப் பக்கம் கார்த்திகையில் வருகிற கோளாறு பெரும்பாலும் இதுதான். அப்படி நிற்கும் தொட்டியை லாரி வைத்து எடுத்தாலும் மறுநாளே நிரம்பிவிடலாம். தெருத் தண்ணீர் வடிகிறவரை பொறுத்திருப்பதே மேல்.

மூன்றாம் நாள் வந்தவர்

மழை விட்டது. லாரிக்குப் போன் செய்தால், "ரோடு சரியில்ல, உங்களுக்கு முன்னாடி நெறைய பேர் இருக்காங்கம்மா" என்று பதில். பாட்டில் தண்ணீர், மூடி போட்ட பக்கெட், அடுப்புச் சாம்பல் என்று இரண்டு நாள் ஓடியது. சின்னவனுக்கு வயிறு சரியில்லை. அத்தைக்குச் சர்க்கரை நோய், இரவில் நாலு தரம் எழுந்து போகிறவர்கள். எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கூடவே மீசை அரும்புகிற வயதில் அவர் மகன். கையில் கயிறு, இரண்டு பக்கெட்.

"லாரி வர ஒரு வாரம் ஆவும்மா. நான் எறங்கி வாரி ஊத்திடறேன். மேல நின்னு கயித்தப் புடிக்க எம் பையன் இருக்கான். மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். கேட்ட கூலியும் அதிகமில்லை.

அத்தை என்னைப் பார்த்தார்கள். "அவரே செய்யறேங்கிறாரு. பச்சப்புள்ள இருக்கற வீடு. ஆகட்டும்னு சொல்லும்மா."

இவர் பேசவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்த களைப்பு முகத்தில். நான் சொல்வதைப் பொறுத்து விட்டுவிட்டார் என்று புரிந்தது.

"வேணாங்கண்ணா, யாரும் இறங்க வேணாம்" என்றேன்.

"ஏம்மா பயப்படறீங்க? இருவது வருசமா எறங்கறேன். ஒண்ணும் ஆனதில்ல."

என் கண் அந்தப் பையன் மேலேயே இருந்தது. அப்பா உள்ளே மயங்கி விழுந்தால் இவன் என்ன செய்வான்? கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பானா? குதித்துவிடுவான்.

"அண்ணா, உங்க கூலி உங்களுக்கு உண்டு. தோட்டம் பூரா சேறு, வாசல்ல தண்ணி வடிய வழியில்ல. அத வெட்டிக் குடுங்க. தொட்டிக்குள்ள மட்டும் யாரும் இறங்கக் கூடாது" என்றேன். இவர் தன்னுடைய கம்பெனி பூட்ஸையும் கையுறையையும் எடுத்துக் கொடுத்தார். அப்பாவும் மகனுமாக மத்தியானம்வரை வேலை செய்தார்கள். தேங்கியிருந்த வாசல் தண்ணீர் தெருக் கால்வாய்க்கு ஓடியது. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது அவர், "எல்லாரும் எறங்குன்னுதாம்மா சொல்லுவாங்க" என்றார். அதில் கோபமா, ஆச்சரியமா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே அத்தையையும் குழந்தைகளையும் கவரைப்பேட்டையில் மேடான இடத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

தொட்டிக்குள் மலம் அழுகும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. மீத்தேன் தீப்பற்றும். ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அழுகிய முட்டை நாற்றம் தருவது. அது அதிகமானால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். "நாத்தம் இல்லையே, இறங்கலாம்" என்று நினைக்கிற அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இரண்டு மூன்று மூச்சிலேயே ஆள் சுருண்டு விழலாம். முகத்தில் துண்டு கட்டுவதாலோ, சாராயம் குடிப்பதாலோ, மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பதாலோ ஒரு பிரயோசனமும் இல்லை.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே 2019 மார்ச் மாதம் நடந்ததை மறக்க முடியுமா? வீட்டுத் தொட்டியில் வீட்டுக்காரர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கப் போன இரண்டு மகன்களும், அவர்களைக் காப்பாற்றப் போனவர்களுமாக ஆறு பேர் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் ரயில் பாதையிலேயே சில ஸ்டேஷன் தள்ளியுள்ள மீஞ்சூரில், 2023 மே மாதம், ஒரு தனியார் பள்ளியின் தொட்டியில் இரண்டு தூய்மைப் பணியாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஒருவரை, "இறங்குங்கள்" என்று சொல்ல என் நாக்கு எப்படி எழும்?

சட்டமும் இதைத் தடுக்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் யாரையும் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. இது கம்பெனிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மட்டுமல்ல, வீட்டுக்காரர்களுக்கும்தான். சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும், போன மனுஷன் வருவாரா?

ஒருவேளை யாராவது உள்ளே விழுந்துவிட்டால், பெற்ற பிள்ளையே ஆனாலும் பின்னால் குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது 112 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கயிறு, கழி எது கிடைத்தாலும் மேலிருந்தே நீட்டுங்கள். சொல்லக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் ஒரு சாவு ஆறாகிறது இப்படித்தான்.

லாரி வந்தது, மஞ்சள் தண்ணீர் துப்புத் தந்தது

ஐந்தாம் நாள் லாரி வந்தது. அதற்குள் தெருத் தண்ணீரும் வடிந்திருந்தது. குழாயை மேலிருந்து விட்டு உறிஞ்சினார்கள். யாரும் இறங்கவில்லை. மூடி திறந்திருக்கும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விரட்டிவிட வேண்டும். தொட்டியைப் பளபளவென்று கழுவச் சொல்லாதீர்கள். தயிருக்கு உறை போல, கொஞ்சம் பழைய வண்டல் இருந்தால்தான் கிருமிகள் மறுபடி வேலையைத் தொடங்கும். எடுத்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஏரியிலும் கால்வாயிலும் கொட்டினால் அது நம் குடத்துக்கே திரும்பி வரும். உள்ளாட்சியில் உரிமம் பெற்ற லாரியா என்று விசாரித்துக் கூப்பிடுவது நல்லது. இதற்கென்று 14420 என்ற உதவி எண்ணும் 2020-ல் அறிவிக்கப்பட்டது.

தொட்டி காலியானதும் ஒரு சந்தேகம் வந்தது. பக்கத்து வீடும் இதே மண்தான், அங்கே இவ்வளவு பொங்கவில்லையே? மாடிக்குப் போய், ஒரு பக்கெட் தண்ணீரில் கைநிறைய மஞ்சள் தூளைக் கரைத்து, மழைநீர் போகும் ஓட்டையில் கொட்டினேன். கீழே சேம்பர் பக்கம் நின்ற இவர், "ஏய், மஞ்சளா வருது!" என்று கத்தினார். வீட்டைக் கட்டியவர் மொட்டை மாடி மழைநீர்க் குழாயை செப்டிக் டேங்க் சேம்பரில் இணைத்து வைத்திருக்கிறார்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அத்தனையும் நம் சின்னத் தொட்டியில் பாய்ந்தால் எங்கே போகும்? படிந்து கிடந்த வண்டலையும் கலக்கிக்கொண்டு வீட்டுக்குள்தான் வரும்.

அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு மழைநீர்க் குழாயைப் பிரித்துத் தனி மழைநீர்த் தொட்டிக்கு விட்டோம். வீட்டிலிருந்து வரும் கழிவுக் குழாயில், போனது திரும்பாதபடி தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று பொருத்தினோம். தொட்டி மூடியைத் தரைமட்டத்துக்கு மேல் அரையடி உயர்த்தி, தெருத் தண்ணீர் இறங்காதபடி சிமெண்ட் பூசினோம். வாயு போகிற குழாய் மாடி உயரத்துக்குப் போகிறது. அதன் தலையில் கொசு நுழையாமல் வலை கட்டினோம். அடுத்த வருஷ மழையில் ஜல்லடை வாயைத் திறக்கவில்லை. அப்பாடா!

வீட்டைச் சுத்தம் செய்யும்போது

கழிவு நீர் வந்துபோன தரையைக் கையுறை, செருப்பு இல்லாமல் தொடாதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 10 லிட்டர் பக்கெட்டுக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தரையில் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு ஆசிடையோ கழிப்பறை கழுவும் திரவத்தையோ ஒருநாளும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். நனைந்த பஞ்சு மெத்தை, தலையணைமேல் ஆசை வைக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். துணிகளை வெந்நீரில் தனியாகத் துவைத்து வெயிலில் போடுங்கள்.

தரையடி சம்ப் இருந்தால் அதில் கழிவு கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே நிரப்புங்கள். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை, காலரா எல்லாம் இந்த வழியாகத்தான் வரும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காமல் போங்கள்.

வராமல் காக்க...

குழந்தையின் டயபர், நாப்கின், ஈரத்துடைப்பான் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். மக்காது, குழாயில் சிக்கிக்கொள்ளும். வடைச் சட்டி எண்ணெயைக் காகிதத்தில் துடைத்து எறியுங்கள். சீவிய தலைமுடி குப்பைக் கூடைக்குப் போகட்டும். ஆசிடையும் ஃபினாயிலையும் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் தொட்டியில் வேலை செய்கிற கிருமிகள் செத்துப்போகும். உறைக் கிணறு, குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி தள்ளி இருக்க வேண்டும். வீடு வாங்கும்போதும் வாடகைக்குப் போகும்போதும் பூஜை அறை எந்தத் திசை என்று கேட்கிறோமே, தொட்டி எங்கே, கடைசியாக எப்போது எடுத்தது என்றும் கேளுங்கள்.

தாய்மார்களே, தொட்டி மூடியைச் சற்றுக் கவனியுங்கள். 2025 ஜனவரி 3-ஆம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில், எல்.கே.ஜி. படித்த குழந்தை செப்டிக் டேங்கில் விழுந்து இறந்தது. துருப்பிடித்த இரும்பு மூடிதான் எமனாயிற்று. உங்கள் வீட்டு மூடி விரிசல் விட்டிருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் கனமான கான்கிரீட் மூடி போடுங்கள். அதன்மேல் பிள்ளைகள் ஏறி விளையாட விடாதீர்கள். பள்ளிக்கூடத்திலும் போய்க் கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

லாரி வந்த தேதியைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிவையுங்கள். மூன்று வருஷம் கழித்து வரும் ஆடி மாதத்தில், மழைக்கு முன்பே, மறுபடி கூப்பிடுங்கள். மழைக்கு முன்னால் கூப்பிட்டால் லாரி உடனே வரும். "நானே இறங்கிடறேன்" என்று கயிற்றோடு யாரும் வாசலில் வந்து நிற்கத் தேவையிருக்காது. அப்படியே வந்து நின்றாலும், வீட்டில் எல்லோரும் கேட்கும்படி நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "லாரி வர எத்தனை நாள் ஆனாலும் சரி, தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது."